ப்ளீஸ் ஸ்பீக்

இந்திய அரசாங்கமே ஐந்தே ஐந்து இங்கிலீஷ் வினைச்சொற்களில் ஓடுகிறது என்பது மஹாதேவனின் கட்சி. எக்ஸாமின், புட் அப், இஷ்யூ, ஃபைல், ஸ்பீக். மற்றதெல்லாம் அலங்காரம் என்பார். கல்கத்தா டல்ஹவுசியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற மனிதர் சொல்கிறார். நாம் யார் மறுத்துப் பேச?

அந்த ஐந்திலும் அவருக்குச் செல்லம் கடைசிச் சொல். கோப்பு பார்த்துப் பழகாதவர்களுக்கு அந்த வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் ஒரு விஷயத்தைக் குறிப்பாக எழுதி மேலே அனுப்புவார். மேலதிகாரிக்குச் சம்மதமென்றால் கையெழுத்து. சம்மதமில்லை என்றால் அதற்கும் ஒரு வரி உண்டு. இரண்டுமில்லாமல், இது எழுதித் தீர்க்கிற சமாச்சாரம் இல்லை, நேரில் உட்கார வேண்டும் என்று தோன்றினால், இடதுபக்க ஓரத்தில் சின்னதாக 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டு, கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். எழுதினவர் கோப்பை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக் கதவைத் தட்ட வேண்டும். 'டிஸ்கஸ்' என்று எழுதியிருந்தால் அது வேறு. நாலு பேர் வருவார்கள், விதிப் புத்தகங்கள் வரும். ஸ்பீக் என்றால் இரண்டே பேர். பேசினது அந்த அறையோடு போயிற்று.

மற்ற அதிகாரிகள் ஸ்பீக் என்று எழுதினால் செக்‌ஷனில் சாமிக்கு வேண்டிக்கொள்வார்கள். மஹாதேவன் எழுதினால் மட்டும் முகம் மலரும். "மஹாதேவன்தாவின் ஸ்பீக் மற்றவர்களின் அப்ரூவ்டைவிட ஒஸத்தி" என்று வங்காளி குமாஸ்தாக்களே (தா என்றால் அண்ணா) சொல்லுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அனுராதா தத்தா என்று ஒருத்தி இருந்தாள். சிலிகுரிக்கு மாற்றல் வந்தபோது, அதை ரத்து செய்யச் சொல்லி விதிகளாக அடுக்கி, கோபம் கொப்பளிக்க ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். மேலே போனால் அப்படியே திரும்பி வந்துவிடும். மஹாதேவன் ஓரத்தில் ஸ்பீக் எழுதினார். வந்தாள். மண் கோப்பையில் டீ வரவழைத்தார். சிலிகுரிக் குளிரைப் பற்றி, அங்கே கிடைக்கும் மீனைப் பற்றி (இவர் மீனைக் கண்ணால் பார்த்ததோடு சரி) ஏதேதோ பேசினார். டீ பாதி குடித்த பிறகு அவள், தன் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது, தினமும் சாயங்காலம் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று சியால்தாவுக்கு நடந்து போய்விடுகிறார், தேடி அழைத்து வருவதற்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று சொல்லி அழுதாள். "அந்த விதியெல்லாம் எடுத்துடு. இதை எழுது" என்றார் மஹாதேவன். அவள் கல்கத்தாவிலேயே இருந்தாள்.

இப்படி எத்தனையோ. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அறை, மேலே தடதடத்த மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே டிராம் சத்தம், டீ குடித்து எறிந்த மண் கோப்பை குப்பைக்கூடையில் உடையும் ஓசை எல்லாம் அவருக்குள் அப்படியே இருந்தன. லேக் மார்க்கெட்டில் காய் வாங்கப் போனாலும் மனசு டல்ஹவுசிக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வரும். அங்கே அவரைத் தேடி வந்து பேச ஆள் இருந்தது. அந்த நாட்களுக்காக அவர் ஏங்குவார். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

சொல்லின் பூர்வீகத்தையும் அவர் விடவில்லை. மதிய இடைவேளையில் அலுவலக நூலகத்துத் தடித்த அகராதியைப் புரட்டி, பக்கத்து செக்‌ஷன் ஹரிஷங்கரைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணுவார். "ஓய், இந்த ஸ்பீக் இருக்கே, அதுக்கு ஒரு காலத்துல நடுவுல ஒரு 'ர' இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இங்கிலீஷ்காரன் அதை எங்கேயோ தொலைச்சுட்டான். ஜெர்மன்காரன் இன்னும் பத்திரமா வச்சிண்டிருக்கான். அதுக்கும் முன்னால வேர் என்னங்கறதுல பண்டிதாளுக்குள்ளயே சண்டை. சிதறடிக்கறதுன்னு சிலபேர். படபடன்னு வெடிக்கறதுன்னு சிலபேர். எண்ணெயில கடுகு வெடிக்கறதே, அந்த மாதிரி."

ஹரிஷங்கரும் ஓய்வு பெற்றாயிற்று. லேக் மார்க்கெட் ஹோட்டலில் காலை காபிக்கு இருவரும் சந்திப்பது இன்றைக்கும் நடக்கிறது. போன கார்த்திகையில் ஒருநாள் மஹாதேவன் அதே பிரசங்கத்தை மறுபடி ஆரம்பித்தபோது ஹரிஷங்கர் டபராவைக் கீழே வைத்தார்.

"ஓய் மஹாதேவன், அந்த வார்த்தையோட ஜாதகமே உம்ம கையில இருக்கு. பெத்த பொண்ணோட அதைப் பண்ணத்தான் உமக்குத் தெரியலை."

மஹாதேவன் காபிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வலித்தது. வலிக்கிற இடத்தில்தானே ஹரிஷங்கரும் கையை வைத்தார்?

விஷயம் இதுதான். மஹாதேவனுக்கு ஒரே பெண், தாரா. லேக் மார்க்கெட் பக்கத்து இந்த வீட்டில் பிறந்து, தமிழைவிட வங்காளியை நன்றாகப் பேசி, வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்தவள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், புருலியாப் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு நீளமாக ஒரு ஈமெயில் அனுப்பினாள். வங்கி வேலை தனக்கு மூச்சு முட்டுகிறது, ராஜினாமா செய்யப் போகிறேன் என்பது முதல் பாதி. ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருக்கும் சந்தீப் என்பவனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன், அவனோடு சேர்ந்து பட்டறையை நடத்தப் போகிறேன் என்பது இரண்டாம் பாதி. எழுதி எழுதி அழித்து, மூன்று ராத்திரி தூங்காமல் அனுப்பின ஈமெயில் அது.

மஹாதேவன் திரையில் படித்து நம்புகிறவர் இல்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போய் அச்செடுத்து வந்தார். மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். ஒரே குறிப்பில் இரண்டு விஷயம் வரக்கூடாதே என்று முதலில் தோன்றியது, பழக்கதோஷம். பிறகு பயம் வந்தது. நிரந்தர உத்தியோகத்தை விடுவதா? லேத் பட்டறையா? யார் இந்தப் பையன்? அதற்கும் பிறகுதான், மனசு கொஞ்சம் இளகி, குழந்தை எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று தோன்றியது. வேண்டாம் என்று எழுத அவருக்கு மனசில்லை. சரி என்று எழுதத் தைரியமில்லை. பேனாவை எடுத்து, இடதுபக்க ஓரத்தில், சின்னதாக எழுதினார். ப்ளீஸ் ஸ்பீக். கீழே சுருக்கொப்பம், தேதி. மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதை ஸ்கேன் செய்து மகளுக்கே அனுப்பிவிட்டார்.

அவர் தன் வாழ்நாளில் எழுதிய சொற்களிலேயே பரிவான சொல்லைத்தான் எழுதினார். அதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் நீங்களே சொல்லுங்கள், மனசைப் பிழிந்து எழுதின பெண்ணுக்கு எந்த அப்பனாவது ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பி அனுப்புவானா? டல்ஹவுசியில் ஊறின அப்பன்தான் அனுப்புவான்.

தாரா பேசவில்லை, வரவில்லை. வேலையை விட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. மஹாதேவனின் மனைவி பத்மஜா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். கிளம்பும்போது அவள் வெறுமனே ஒரு வார்த்தை கேட்டாள், "வரேளா?" என்று. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அவ வந்து கூப்பிடட்டும்" என்றார். கீழே டாக்ஸி வந்தது, பத்மஜா போனாள், டாக்ஸியும் போயிற்று. அவள் திரும்பி வரும்வரை அவர் சட்டையைக் கழற்றவில்லை.

அதற்கப்புறம் இந்த ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. பத்மஜா மகளோடு தினமும் ஃபோனில் பேசுவாள், மாதம் ஒரு தடவை ஹவுரா போய்விட்டு வருவாள். மஹாதேவன் பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். தாராவுக்கு ஜலதோஷம் என்றால் "கஷாயம் வச்சுக் குடிக்கச் சொல்லேன்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அவ்வளவுதான். அதிகாரி தன் குறிப்பை எழுதிவிட்டார். வரவேண்டியவள் வர வேண்டும் என்பது அவர் நினைப்பு. வரவில்லையே என்பது அவருடைய துக்கம். அந்தச் சொல்லின் அர்த்தம் பாவம் குழந்தைக்குப் புரியவில்லை, அதட்டல் என்று நினைத்துவிட்டாள், என்றைக்காவது எடுத்துச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

ஹரிஷங்கரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்றைக்கு மத்தியானமே வீட்டில் அடுத்தது காத்திருந்தது. தை மாதம் மஹாதேவனுக்கு எழுபது முடிகிறது. பீமரத சாந்தி செய்ய வேண்டும், காளிகாட்டில் இருக்கும் சாஸ்திரிகளுக்குச் சொல்லியாயிற்று. மோர்சாதம் போட்டுக்கொண்டே பத்மஜா ஆரம்பித்தாள்.

"தாரா வராம நான் மணையில உக்கார மாட்டேன்."

"வரச் சொல்லேன். நானா வேண்டாங்கறேன்?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க நேர்ல போய்க் கூப்பிடணும். பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஆத்துக்குப் போய் அழைக்கறதுதான் முறை. அது உங்களுக்குத் தெரியாதா?"

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

"நான் வந்தா நான்தான் பேசுவேன். நீங்க ஃபேனைப் பாத்துண்டு உக்காந்திருப்பேள். தனியாப் போங்கோ. புடவை, வெத்தலைபாக்கு எல்லாம் அவ இங்கே வரச்சே நான் குடுத்துக்கறேன். நீங்க வாயை மட்டும் எடுத்துண்டு போனாப் போறும்."

மஹாதேவன் சாமானியமாக மசிகிற ஆசாமியா? இரண்டு வாரம் குறுக்கு வழி தேடினார். வாட்ஸப்பில் ஒரு செய்தி தயாரித்து மனைவியிடம் காட்டினார். 'விழாவில் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறாய்' என்பது அதன் சாரம். பத்மஜா அதைப் படித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்த விதத்தில் அவர் தானே அழித்துவிட்டார். ஒருநாள் துணிந்து ஃபோனே போட்டார். "ஹலோ" என்று தாராவின் குரல் கேட்டது. இத்தனை வருஷம் அடுத்த அறையிலிருந்து ஒட்டுக்கேட்ட குரல் காதுக்குள்ளேயே கேட்டதும், "இந்தா, பேசு" என்று ஃபோனைப் பத்மஜாவிடம் நீட்டிவிட்டார்.

"என்னன்னா இது, கல்யாணப் பொண்ணு பாக்கப் போன பிள்ளையாட்டம்!" என்று பத்மஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போதெல்லாம் காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் மாறினால், ஆற்றுக்கு அடியிலேயே போய் ஹவுராவில் ஏறிவிடலாம். பத்மஜாவும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாள். ஆனால் மெட்ரோ சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமே! அவர் எஸ்பிளனேடிலேயே வெளியே வந்து, பாபுகாட் படகுத்துறை வரை நடந்து, அக்கரை போகும் லாஞ்சுக்கு டிக்கெட் வாங்கினார்.

லாஞ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனியில் ஹவுரா பாலம் பாதிதான் தெரிந்தது. தாரா சின்னவளாக இருந்தபோது பூஜா விடுமுறைக்கு முன்னால் அவளை ஆபீஸுக்கு அழைத்துப் போவார். வேலை முடிந்ததும் அப்பாவும் பெண்ணும் சும்மாவே இந்த லாஞ்சில் அக்கரை போய்விட்டு இக்கரை திரும்புவார்கள். போகும்போது ஒரு பொட்டலம் கடலை, வரும்போது ஒரு பொட்டலம் கடலை. ஓயாமல் பேசுவாள். எந்தப் படகு எங்கே போகிறது, ஏன் தண்ணீர் இந்தப் பக்கம் ஓடுகிறது, அந்த ஆள் ஏன் தூங்குகிறான்? அவரும் அலுக்காமல் பதில் சொல்லிக்கொண்டு வருவார். அப்போது யாரும் அவருக்கு எழுதிக் கேட்கவில்லை, அவரும் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. அந்த நாள் திரும்ப வராதா என்று இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் காற்றும் அடித்தது.

அழுகை அடங்கியதும் பேச வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்தினார். முதலில் அந்தச் சொல்லின் அர்த்தம். ஆபீஸில் அது எப்படி வழக்கம், தன் கையால் எழுதப்பட்டால் அதற்கு என்ன மதிப்பு, அனுராதா தத்தா கதை. பிறகு, நீ தவறாகப் புரிந்துகொண்டாய், போகட்டும் என்று ஒரு பெருந்தன்மையான வரி. அதற்கப்புறம் அழைப்பு. நல்ல வரைவாகத்தான் பட்டது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, டோட்டோ என்கிற பாட்டரி ரிக்ஷா பிடித்து, கதம்தலாவுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. சத்தம்தான் முதலில் வந்தது. நாலைந்து லேத் மெஷின்கள் ஒரே நேரத்தில் இரும்பைக் கடைந்துகொண்டிருந்தன. தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். உள்ளே, கண்ணாடி இல்லாத ஒரு தடுப்புக்குப் பின்னால், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒருத்தி வரைபடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் நாலு நரை. அவர் பெண்ணுக்கு நரையா? பத்மஜா அதைச் சொல்லவே இல்லையே என்று மஹாதேவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"தாரா" என்றார்.

ஆபீஸில் அவர் குரலை உயர்த்தினதே கிடையாது. உயர்த்த அவசியமும் வந்ததில்லை. அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். லேத்துக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. "தாரா" என்றார் மறுபடி. அவருக்கே கேட்கவில்லை. அவள் பென்சிலை உருவி ஏதோ குறித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் தான் திரும்பிப் போய்விடுவோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னை அவருக்குத் தெரியாதா? லாஞ்சில் கட்டின வரைவு முழுவதும் தலையைவிட்டுப் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"தாரா! அப்பா வந்திருக்கேன்! உன்னோட பேசணும்! என்னால முடியலைடி!"

முதல் மெஷினில் நின்ற மிஸ்திரி, எவன் கையோ மாட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்துப் பட்டென்று சுவிட்சைத் தட்டினான். அதைப் பார்த்து அடுத்தவனும் அணைத்தான். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன. அதனால் அந்தக் கடைசி வார்த்தைகள் நிசப்தத்தில் வந்து விழுந்தன. மிஸ்திரி முதலில் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான், பிறகு மற்றவர்களுடையதை. எல்லாருக்கும் பத்துப் பத்து இருந்தது. அதற்கப்புறம்தான் வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்ற கிழவரைப் பார்த்தான்.

தாரா ஓடி வந்தாள். "என்னப்பா! அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மா நன்னா இருக்கா."

"உனக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்லை. பேசலாம்னு வந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சந்தீப் வந்தான். நெடுநெடுவென்று, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தான். "ஆஷுன் பாபா, போஷுன்" என்று வங்காளியில் வரவேற்று, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஆட்களையெல்லாம் தட்டிக்கொடுத்து வெளியே அழைத்துப் போய்விட்டான். மாப்பிள்ளையின் முகத்தை மஹாதேவன் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்ததும் அவருக்குத் தன் வரைவு ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் எழுதினது இருக்கே, அதுக்கு நீ நெனச்ச அர்த்தம் இல்லை தாரா. ஆபீஸ்ல ஸ்பீக்னு எழுதினா..."

"தெரியும்ப்பா."

"இல்லை, முழுக்கக் கேளு. அது அதட்டறது இல்லை..."

"தெரியும்ங்கறேனே!" தாராவின் குரல் உயர்ந்தது. "லீவுக்கெல்லாம் உன் ரூம்ல மூலையில உக்காந்து படம் போட்டுண்டு இருப்பேனே, மறந்துட்டியா? ஃபைலைத் தூக்கிண்டு பயந்துண்டே வருவா. நீ டீ வாங்கிக் குடுப்பே. போறச்சே சிரிச்சுண்டே போவா. உன் ஸ்பீக்குக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அந்த மெயிலைத் திறந்த உடனே சந்தீப்கிட்ட சொன்னேன், அப்பாவுக்குக் கோவம் இல்லை, சரிங்கறதுக்குத் தயாரா இருக்கார்னு."

மஹாதேவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷம் அவர் சாய்ந்திருந்த சுவரை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அப்போ ஏம்மா வரலை?"

தாரா பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"உன் ரூமுக்கு எல்லாரும் வந்தாப்பா. நீ யார் ரூமுக்காவது எழுந்து போய் நான் பாத்ததே இல்லை. எழுதிட்டு உக்காந்திருப்பே, வரவா வருவா. நான் உனக்கு யாரு? உன் செக்‌ஷன்ல ஒருத்தியா? எனக்காக ஒரே ஒரு தடவை நீ எழுந்து வரமாட்டியான்னு இருந்தது. புருலியால அந்த வாரம் பூரா பஸ் வர நேரத்துக்கெல்லாம் வாசல்ல போய் நின்னேன். கல்யாணத்தன்னிக்கு வெள்ளைச் சட்டை போட்டுண்டு உக்காந்திருந்தியாம், அம்மா சொன்னா. போட்டுண்டாச்சு, மாடிப்படி இறங்கப்படாதா?"

மஹாதேவன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சொல்லில் 'ர' எப்போது தொலைந்தது என்பதிலிருந்து அதை எந்த ஓரத்தில் எழுத வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். எழுதினவனும் எழுந்து போகலாம் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, புருலியாவில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்ற குழந்தையை நினைத்து நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"வந்திருக்கணும்மா" என்றார். "அன்னிக்கே வந்திருக்கணும். எனக்குத் தெரியலை."

"அம்மா விரட்டி விட்டாளா இன்னிக்கு?"

"ஆமா. விரட்டித்தான் விட்டா." பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "ஆனா கத்தச் சொல்லி அவ ஒண்ணும் சொல்லியனுப்பலை."

தாராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "தூர்! ஹவுரா முழுக்கக் கேட்டிருக்கும்ப்பா" என்று வங்காளியும் தமிழுமாகச் சொல்லி, எண்ணெய்க் கையோடேயே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வெள்ளைச் சட்டையில் கறை பட்டது. படட்டும் என்று இருந்தார்.

அதற்கப்புறம் பேசினார்கள் பாருங்கள், அப்படிப் பேசினார்கள். அவர் முழங்கால் வலியைச் சொன்னார், ஹரிஷங்கரின் பொய்ப்பல் காபியில் விழுந்ததைச் சொன்னார். அவள் வரைபடத்தை விரித்து, ஒரு மயிரிழை பிசகினாலும் ஏன் அந்த உருளை உதவாது என்று விளக்கினாள். அவர் ஓயாமல் கேள்வி கேட்டார், அவள் அலுக்காமல் பதில் சொன்னாள். மாமியாரிடம் கசகசா அரைத்துப் போஸ்தோ சமைக்கக் கற்றுக்கொண்டதையும், வத்தக்குழம்பு வைத்து அந்த வீட்டையே இரும வைத்ததையும் சொன்னாள். சந்தீப் நடுவில் மண் கோப்பைகளில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தனக்குப் புரியாத அந்தத் தமிழைச் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டிருந்தான். ஆட்களுக்கு அன்றைக்கு அரை நாள் லீவு விட்டாயிற்று. சாப்பாடும் அங்கேயே ஆயிற்று. வெயில் சாய்ந்த பிறகுதான் தாரா அவரைப் படகுத்துறைவரை கொண்டுவந்து விட்டாள். லாஞ்ச் நகர்ந்த பிறகும் கரையிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இவரும் இங்கிருந்து ஏதோ சொன்னார்.

வீட்டில் பத்மஜா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மத்தியானத்திலிருந்து இரண்டு பேரும் ஃபோனை எடுக்கவில்லை என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? அவர் சட்டையில் இருந்த கறையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"பேசினேளா?"

"பேசினேன் பேசினேன், அப்படிப் பேசினேன். தொண்டையே கட்டிப்போச்சு."

"நன்னாருக்காளா? மாப்பிள்ளை இருந்தாரா?"

"தங்கமான பையன்டி. நீ ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

தினமும் சொன்னதைத்தான் அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பத்மஜா அப்போது கிளறவில்லை. "சரி, என்னிக்கு வரேன்னா? முதல் நாளே வந்துடச் சொன்னேளோல்லியோ?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மஹாதேவன் அப்படியே நின்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா! பீமரத சாந்திக்கு!"

காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசின பேச்சை அவர் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். முழங்கால் இருந்தது, உருளை இருந்தது, வத்தக்குழம்பு இருந்தது. அழைப்பு எங்கேயும் இல்லை.

"கூப்பிட மறந்தே போயிட்டேன் பத்மா" என்றார்.

பத்மஜா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழாதே. நாளைக்கு மறுபடி போறேன்" என்றார். "மெட்ரோலயே போறேன். அது சீக்கிரம் போயிடும்."